போன், லேப்டாப், ஆப்: நம்பி வேலை பார்க்க ஒரு முழுமையான பராமரிப்பு வழிகாட்டி

எந்த போன் ரொம்ப நாள் உழைக்கும், எந்த லேப்டாப் தொல்லை தராது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பிராண்டின் பெயரைத்தான் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். அந்தப் பதிலால் பெரிய பயன் இல்லை. ஒரே மாடலை வாங்கிய இருவரில் ஒருவர் "ஐந்து வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல" என்பார். இன்னொருவர் வாங்கிய மாதமே அதைச் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அதை வைத்து உங்கள் கையில் இருக்கும் பொருளின் ஆயுளைக் கணிக்க முடியாது.

நான் வேறு கணக்கு வைத்திருக்கிறேன். இந்தப் பொருள் இன்று இரவே செத்துப்போனால் நாளை மதியத்துக்குள் பழையபடி வேலை பார்க்க முடியுமா? முடியும் என்றால் அந்த ஏற்பாட்டை நம்பலாம். முடியாது என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது. கீழே உள்ள படிகளின் வரிசையும் இதை ஒட்டித்தான். புதுப் பொருளைச் சோதித்து முடித்ததும், முதலில் உங்கள் தகவல், அடுத்து உங்கள் கணக்குகள், அதற்கும் அப்புறம்தான் பேட்டரி, அப்டேட், தூசு தட்டுவது எல்லாம். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரைக்கு உடனே கண்ணாடி ஒட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கும் பத்து வருஷப் படங்களுக்கு ஒரு நகல்கூட இருக்காது.

படி 1: புதிதாக வாங்கியதை முதல் வாரமே நன்றாக வேலை வாங்குங்கள்

மின்னணுப் பொருள்கள் பழுதாவதில் ஒரு பழக்கப்பட்ட போக்கு உண்டு. தொடக்கத்தில் தயாரிப்புக் குறைகளால் கொஞ்சம் பழுது அதிகம், அப்புறம் நீண்ட அமைதி, கடைசியில் தேய்மானத்தால் மறுபடி ஏறும். பொறியாளர்கள் இதைக் குளியல்தொட்டி வளைகோடு என்பார்கள். ஆகவே திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும் நாள்களில் பொருளைப் பொத்திப் பொத்தி வைப்பது தவறான மரியாதை. எல்லாப் போர்ட்டிலும் கேபிள் செருகிப் பாருங்கள். ஸ்பீக்கர், மைக், எல்லாக் கேமராக்களும் சரியா என்று பாருங்கள். ரவுட்டரிலிருந்து இரண்டு அறை தள்ளி நின்று வைஃபை வருகிறதா பாருங்கள். இரவு சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு தூங்கி, காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே செய்யாமல் ராத்திரியில் கால்வாசி தீர்ந்திருந்தால் ஏதோ ஒரு ஆப் தூங்கவில்லை, அல்லது பொருளிலேயே குறை இருக்கிறது.

மெமரி கார்டு, பென்டிரைவ் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் நிறைய உலவுகின்றன. 256 ஜிபி என்று காட்டும், உண்மையில் அதில் சிறு பங்குதான் இருக்கும். அதற்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவசக் கருவியால் கார்டு முழுவதையும் ஒருமுறை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். முதல் படம் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

படி 2: நகல் எடுங்கள், எடுத்த நகலைத் திறந்தும் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இந்தப் படியைச் செய்யுங்கள். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

3-2-1 என்ற விதியைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்தினார். மூன்று பிரதிகள், இரண்டு வகை சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே. சாதாரண வீட்டுக்கு இதன் பொருள்: போனிலோ லேப்டாப்பிலோ இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. அவ்வளவுதான். இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, மேக்கில் 2007-லிருந்தே டைம் மெஷின் இருக்கிறது. டிஸ்கைச் செருகி ஒருமுறை ஆன் செய்துவிட்டால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும்.

கிளவுடில் எல்லாம் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது: அது நகலா, ஒத்திசைவா? கூகுள் போட்டோஸிலோ ஐகிளவுடிலோ ஒரு படத்தை போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். பேக்கப் ஆன படம் என்றால் கூகுள் போட்டோஸில் 60 நாள், ஐகிளவுட் போட்டோஸில் 30 நாள். அதற்குள் கவனிக்கவில்லை என்றால் போனது போனதுதான். வீட்டில் குழந்தை விளையாட்டாக அழித்த ஆல்பத்தை மூன்று மாதம் கழித்துத் தேடுபவருக்கு ஒத்திசைவு எந்த உதவியும் செய்யாது. அலமாரியில் இருக்கும் டிஸ்க் செய்யும்.

அந்த டிஸ்கை நகல் எடுத்ததும் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் லேப்டாப்பில் புகும்போது டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். மின்னழுத்த ஏற்றமும் இரண்டையும் ஒரே அடியில் கொண்டுபோகலாம்.

வாட்ஸ்அப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பலருக்குக் குடும்ப வரலாறே அதில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகும், ஐபோனில் ஐகிளவுடுக்கு. கூகுள் கணக்கில் இடம் நிரம்பிவிட்டால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். சாட் பேக்கப் பக்கத்தைத் திறந்து கடைசித் தேதியை இப்போதே பாருங்கள். என்கிரிப்ட் செய்த, அதாவது சங்கேதமாக்கிப் பூட்டிய, பேக்கப்பை ஆன் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ காகிதத்தில் எழுதி வையுங்கள். போனும் போய், அதுவும் போனால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

கடைசியாக, மீட்டுப் பார்க்கும் வேலை. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய வருஷத்துக் கோப்பாக இருந்தால் நல்லது. அதை வேறு ஃபோல்டருக்கு மீட்டு, திறந்து பாருங்கள். வீடியோவாக இருந்தால் நடுவில் ஒரு இடத்துக்குத் தள்ளி ஓடுகிறதா என்று பாருங்கள். கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத பேக்கப்புகள் உண்டு. இது ஐந்து நிமிட வேலை. பேக்கப் மென்பொருள் காட்டும் பச்சை டிக்கைவிட இந்த ஐந்து நிமிடத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

படி 3: போன் தொலைந்தாலும் கணக்குக்குள் நுழைய வழி வையுங்கள்

தகவல் பத்திரமாகக் கிளவுடில் இருக்கும். உள்ளே போக ஓடிபி தொலைந்த போனுக்குப் போகும். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள் ஏராளம். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் அதற்கு மாற்று வழியும் வேண்டும்.

முக்கியக் கணக்குகள் பலவற்றில், ஓடிபிக்குப் பதிலாகத் தட்டக்கூடிய பேக்கப் கோடு என்று ஒரு பகுதி இருக்கும். கூகுள் ஒரே தடவையில் 10 கோடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அச்செடுத்து, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் அர்த்தமே இல்லை. மீட்புக்கான போன் எண்ணும் மாற்று மின்னஞ்சலும் இன்னும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். எப்போதோ விட்டுவிட்ட சிம் எண் அங்கே உட்கார்ந்திருக்கும், அது இன்று வேறு யாருடைய கையிலோ இருக்கலாம்.

பயன்படுத்தாத கணக்குகளும் நிலையானவை இல்லை. தனிநபர் கூகுள் கணக்கை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் உள்ளடக்கத்தோடு அழிக்கலாம் என்ற கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. இறந்துபோனவர்களின் படங்களும் கடிதங்களும் இருக்கும் கணக்கு உங்கள் பொறுப்பில் இருந்தால், இன்றைக்கே உள்ளே போய் கூகுளின் டேக்அவுட் என்ற வசதி மூலம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் உங்கள் குடும்பத்தார் தவிக்காமல் இருக்க, கூகுளில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர், ஆப்பிளில் லெகசி கான்டாக்ட் ஆகிய வசதிகள் இருக்கின்றன. பேச மனம் வராத விஷயம்தான், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

படி 4: பேட்டரியை வெப்பத்திலிருந்து காப்பாற்றுங்கள்

லித்தியம்-அயான் பேட்டரி 1991-ல் சோனி மூலம் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கான அறிவுரைகளை இன்றும் பலர் இதற்குச் சொல்கிறார்கள்: முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடணும், புதுசா இருந்தால் எட்டு மணி நேரம் போடணும். இரண்டும் இன்றைய பேட்டரிக்குப் பொருந்தாது. அடிக்கடி பூஜ்யம் வரை தீர்ப்பது அதற்குக் கெடுதல்தான்.

இந்தப் பேட்டரியைக் கிழடாக்குபவை இரண்டு: வெப்பம், நீண்ட நேரம் 100 சதவீதத்திலேயே நிற்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். வெயில் விழும் கார் டாஷ்போர்டில் போனை மாட்டி, மேப் ஓட, சார்ஜும் ஏற ஓட்டிக்கொண்டு போவது அதற்கு மிகக் கடினமான வேலை. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேகச் சார்ஜரை வில்லனாக்க வேண்டியதில்லை. சார்ஜ் ஏறும்போது போன் கையில் பொறுக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உறையைக் கழற்றுங்கள், தலையணைக்கு அடியிலிருந்து எடுங்கள், கேமை நிறுத்துங்கள். வயர்லெஸ் சார்ஜிங் கேபிளைவிடச் சூடு கிளப்பும் என்பதால் இரவு முழுக்க அதில் வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வரம்பு இப்போது பல போன்களிலும் பெரும்பாலான லேப்டாப்களிலும் இருக்கிறது. எப்போதும் மேசையில் செருகியே கிடக்கும் லேப்டாப்பில் இதை ஆன் செய்யாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. போனில் உங்கள் விருப்பம். நாள் முழுக்க வெளியே சுற்றுபவர் 100 வரை ஏற்றிக்கொள்ளட்டும், பேட்டரி பயன்படுத்தத்தானே.

சரி, பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பக்கம் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒட்டி எழுதி என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகி, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். பிரவுசரில் திறந்தால் மேலேயே டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 38,500 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 77 சதவீதம். அதாவது புதிதில் கொண்டதில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. கீழே போனால் வாரவாரியாக அந்த எண் எப்படி இறங்கியிருக்கிறது என்ற வரலாறும் இருக்கும். சீராக இறங்குவது வயது. திடீரென்று ஒரே மாதத்தில் சரிந்திருந்தால் ஏதோ ஒரு செல் கெட்டிருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல்: ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைத்தவை என்கிறது ஆப்பிள், ஐபோன் 15-லிருந்து அது 1000. இன்று பாதி, நாளை பாதி தீர்த்தால் அது ஒரு சுற்று.

நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள்.

இனி சொல்வது பாதுகாப்பு. லேப்டாப்பின் டச்பேட் திடீரென்று அழுத்த முடியாமல் கெட்டியாகிவிட்டதா? மேசையில் வைத்தால் ஒரு பக்கம் ஆடுகிறதா? போனின் பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நொடியே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். தெரிந்தவர் கையில் கொடுத்து மாற்றுங்கள். "இன்னும் ஓடுதே" என்று தள்ளிப்போடும் விஷயம் இது இல்லை.

படி 5: டிஸ்கின் உடல்நிலையைப் படியுங்கள், ஆனால் அதை முழுக்க நம்பாதீர்கள்

ஹார்ட் டிஸ்கும், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியும் தங்களைப் பற்றிய குறிப்பேட்டைத் தாங்களே எழுதிக்கொள்கின்றன. ஸ்மார்ட் என்பது அதன் பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் திறந்தால் நீண்ட பட்டியல் வரும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் என்றால், கெட்டுப்போன அல்லது சந்தேகத்துக்குரிய செக்டார்களை (தகவல் எழுதும் சிறு பகுதிகளை) எண்ணிக் காட்டும் மூன்று வரிகள் போதும்: ரீஅலோகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யம் இல்லை, வாரத்துக்கு வாரம் ஏறவும் செய்கிறது என்றால் அந்த டிஸ்கில் புதிதாக எதையும் வைக்காதீர்கள். பட்டியலில் சிஆர்சி எரர் (தகவல் போய்வரும்போது நேரும் பிழை) மட்டும் ஏறினால் பயம் வேண்டாம், பல சமயம் கேபிள்தான் குற்றவாளி. எஸ்எஸ்டியில் மீதமுள்ள ஆயுள் சதவீதமாகவே காட்டும்.

2007-ல் கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டது. தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு அதிகம். ஆனால் பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த ஆய்வு முக்கியமாகக் கருதிய நான்கு எச்சரிக்கை எண்களில் எதையுமே காட்டாமல்தான் போய்ச் சேர்ந்தன. ஆகவே குறிப்பேடு கெட்டது சொன்னால் உடனே கேளுங்கள். நல்லது சொன்னால் அதை நம்பி இரண்டாம் படியைத் தவிர்க்காதீர்கள்.

டிஸ்கில் சந்தேகம் வந்ததும் பலர் முதலில் ரிப்பேர் கருவியை ஓட்டுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை முழுக்க உருட்டும் வேலை அது, அதிலேயே அது நின்றுபோகலாம். முதலில் முக்கியமான கோப்புகளை வெளியே எடுங்கள், ஆராய்ச்சி அப்புறம். கடகடவென்று சத்தம் வந்தால் அணைத்துவிட்டு, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்ய, அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்க, தேவையில்லை. போனிலும் லேப்டாப்பிலும் பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள். பொருள் "ஸ்லோ ஆகிடுச்சு" என்ற புகாரில் கணிசமானது இடம் நிரம்பியதால் வருவது.

படி 6: அப்டேட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

"அப்டேட் போட்டாதான் கெட்டுப்போகுது, நான் போடறதே இல்ல" என்பவர்களும் இருக்கிறார்கள், வந்த நொடியே போடுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு விண்டோஸ் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தும் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள், மருத்துவமனைகள் உட்பட. மறுபக்கம், 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் பெரிய பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்ததால் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை: பாதுகாப்பு அப்டேட்டை வந்த சில நாள்களுக்குள் போட்டுவிடுவது. பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டுக்கு மூன்று நான்கு வாரம் பொறுப்பது, அதற்கு முன் பேக்கப் எடுப்பது. தேர்வு, பயணம், வேலைக் கெடு இவற்றுக்கு முந்தைய இரவு எந்த அப்டேட்டும் கிடையாது. பிரவுசருக்கு மட்டும் காத்திருப்பே வேண்டாம். வெளியுலகத்தோடு அதிகம் உரசுவது அதுதான். அது அப்டேட்டை இறக்கி வைத்துக்கொண்டு மூடித் திறக்கக் காத்திருக்கும். நூறு டேப் திறந்து வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு வந்து சேர்வதே இல்லை.

அப்டேட் வருவது நின்றுபோன பொருளை வங்கிக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு வெர்ஷன் பக்கத்தில் செக்யூரிட்டி அப்டேட் தேதி இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் யோசிக்க வேண்டிய நேரம். புதிதாக வாங்கும்போது கேமரா மெகாபிக்சலுக்கு முன் அப்டேட் வாக்குறுதியைப் படியுங்கள். 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுள் ஏழு வருஷம் என்று அறிவித்தது, அடுத்த வருஷம் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. இரண்டு வருஷத்தோடு கைவிடப்படும் போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு மலிவாகத் தெரிவதில்லை.

படி 7: ஆப்களைக் குறையுங்கள், வெளியேறும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்

மென்பொருளுக்குத் தேய்மானம் கிடையாது, ஆனால் அதை நடத்துபவர்கள் மனம் மாறுவார்கள். வலைத்தளப் பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டது. கூகுள் போட்டோஸின் வரம்பில்லா இலவச இடம் 2021 ஜூன் 1-லிருந்து இல்லை. ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியின் சர்வரை 2016-ல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் பெட்டி மட்டும் மிஞ்சியது. சர்வரை நம்பி ஓடும் எந்தப் பொருளுக்கும் இது நடக்கலாம்.

அதனால் குறிப்பெழுத, கணக்குப் பார்க்க, படம் வைக்க என்று எந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே எக்ஸ்போர்ட் பொத்தானைத் தேடுங்கள். பத்துக் குறிப்பு எழுதி, வெளியே எடுத்து, வேறு ஒன்றில் திறந்து பாருங்கள். வெறும் டெக்ஸ்ட், சிஎஸ்வி, பிடிஎஃப், ஜேபெக் என்று வந்தால் நிம்மதி. அந்த ஆப்பால் மட்டுமே படிக்க முடிந்த ஒன்றாக வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் முக்கியமானதை அதில் வைக்காதீர்கள். கடைசி அப்டேட் எப்போது வந்தது என்றும், அதை எழுதுபவருக்கு எங்கிருந்து காசு வருகிறது என்றும் பாருங்கள். இரண்டாவதற்கு விடை தெரியவில்லை என்றால், விளம்பரமோ உங்கள் தகவலோதான் அதற்குச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரேம் பூஸ்டர், ரிஜிஸ்ட்ரி கிளீனர், பேட்டரி டாக்டர் வகையறா எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் நினைவகத்தைத் தாங்களே நன்றாக நிர்வகிக்கின்றன. ஆப்களை ஓயாமல் தள்ளி மூடினால் அவை மறுபடி முதலிலிருந்து தொடங்கிக் கூடுதலாகச் சார்ஜ் தின்னும். கணினியைச் சுத்தம் செய்வதில் பெயர்பெற்ற சிகிளீனர் மென்பொருளின் ஒரு பதிப்பே 2017-ல் தீநிரல் கலந்து அதிகாரபூர்வமாகப் பரவியது. தேவையில்லாத மென்பொருள் ஒவ்வொன்றும் கூடுதலான ஒரு கதவு.

திடீரென்று ஏதாவது தகராறு செய்தால் துப்பறியும் முறை இது. விண்டோஸில் தேடல் கட்டத்தில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்ற பக்கம் வரும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் முதலில் திறப்பது அதைத்தான். நாள்வாரியாக ஒரு கோடு ஏறி இறங்கும், கீழே சிவப்புக் குறிகள் இருக்கும். சிவப்பு தொடங்கிய நாளைச் சொடுக்கி, அதற்கு முதல்நாள் என்ன நிறுவினீர்கள் என்று பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். ஆண்ட்ராய்டில், நீங்கள் போட்ட ஆப்கள் இல்லாமல் ஓடும் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் நீங்கள் போட்ட ஆப் ஒன்றுதான் காரணம். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஐந்தை மாற்றி, சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி வரும்போது முதலிலிருந்து தேட வேண்டும்.

படி 8: தூசு, பஞ்சு, ஈரம்

"சார்ஜர் லூஸா இருக்கு, போர்ட் போச்சு" என்று மாற்றக் கொடுக்கும் போன்களில் நிறைய பஞ்சுக் கேஸ்தான். பாக்கெட்டில் இருக்கும் நூல் தூசு போர்ட்டுக்குள் விழ, ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் அடியில் அமுங்கி அமுங்கிக் கெட்டியாகிவிடும். அதனால் கேபிள் முழுசாக உள்ளே போகாது, கிளிக் என்ற சத்தம் வராது, லேசாகத் தட்டினால் சார்ஜ் நிற்கும். போனை அணையுங்கள். வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். மரப் பல்குத்தியைச் சீவி மெல்லிதாக்கி, யூஎஸ்பி-சி என்றால் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கைத் தொடாமல், சுவரோரமாக உள்ளே விட்டு வெளிப்பக்கமாக நெம்புங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி சுருண்டு வரும். ஊசி, குண்டூசி என்று உலோகம் எதுவும் வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

லேப்டாப் ஃபேன் முன்பைவிட இரைந்தால் காற்று வழியில் தூசு அடைத்திருக்கலாம். அணைத்து, ஃபேன் சுழலாதபடி ஏதாவதொன்றால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக் கேனால் சிறு சிறு தடவையாக அடியுங்கள். மெத்தையில் வைத்து வேலை பார்ப்பதை விட்டாலே பாதிச் சூடு குறையும்.

தூசும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி68 என்று போட்டிருப்பதால் போனைக் குளிப்பாட்ட வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில், புதுப் போனில் நடப்பது. சோப்பு, கடல்நீர், நீராவி எல்லாம் வேறு கதை, அடைப்பு ரப்பரும் காலப்போக்கில் தளரும். நனைந்துவிட்டால் போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கலாம்.

இங்க்ஜெட் பிரிண்டரில் வாரம் ஒரு கலர்ப் பக்கம் அச்செடுங்கள், அப்போதுதான் மை முனையில் காயாது. அணைப்பது எப்போதும் அதன் பொத்தானால். சுவரில் அணைத்தால் தலைப்பகுதி மூடியில் போய் உட்காராமல் காய்ந்துவிடும்.

ரவுட்டரை டிவிக்குப் பின்னால் திணிக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்: 2016-ல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது.

படி 9: பழுது பார்ப்பதா, மாற்றுவதா

பேட்டரி, திரை, ஃபேன், போர்ட், டிஸ்க் ஆகியவை போனால் பழுது பார்ப்பதுதான் என் முதல் யோசனை, பொருளுக்கு இன்னும் பாதுகாப்பு அப்டேட் வரும்வரை. நான்கு வயது லேப்டாப்புக்குப் புது பேட்டரியும் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டியும் போட்டால் அது மறுபடி வேகமாக ஓடும். மதர்போர்டு போய்விட்டது, அப்டேட்டும் நின்றுவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள். திறந்து பார்க்க முடியுமா, உதிரி கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே ஐஃபிக்ஸிட் என்ற வலைத்தளம் தரும் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணில் பார்த்துக்கொள்ளலாம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பேக்கப் எடுத்துவிட்டு, முடிந்தால் ரீசெட் செய்து கொடுங்கள். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்காதீர்கள்.

பழையதைக் கைமாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் புதுப் பொருளில் எல்லாம் வந்துவிட்டதா, உள்நுழையும் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் ஆப் உட்பட, என்று உறுதி செய்யுங்கள். ஒரு வாரம் இரண்டையும் வைத்திருங்கள்; வங்கி ஆப்போ பழைய ஓடிபியோ அப்போதுதான் நினைவுக்கு வரும். அப்புறம் பழைய போனில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வெளியேறாமல் ரீசெட் செய்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, வாங்கியவரால் அதைத் திறக்க முடியாமல் போகலாம். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தப் போனை நீக்கிவிடுங்கள்.